கோப்பைக்கு முன் பதிவு: செட்டிநாட்டுக் கால்பந்துக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: காரைக்குடி, கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரக் கால்பந்துக் குழுக்களின் நிர்வாகிகள், அக்குழுக்களுக்குக் கொடையளித்துவரும் வெளிநாடு வாழ் அன்பர்கள்.

அன்புடையீர், வணக்கம்.

கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன், 2022ஆம் ஆண்டு டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் பெங்களூரு எஃப்சி அணிக்காக மும்பை சிட்டி அணியின் வலைக்குள் பந்தைச் செலுத்தியதிலிருந்து, நம் வட்டாரத்தில் முன்களத்தில் ஆடும் எந்தப் பையனைக் கேட்டாலும் 'வெளிநாட்டுக் கிளப்பில் ஆட வேண்டும்' என்றுதான் சொல்கிறான். அந்த ஆசையில் தவறேதுமில்லை. அந்த ஆசைக்கு நம் குழுக்கள் செய்ய வேண்டிய காகித வேலையை நாம் செய்யாமலிருக்கிறோம் என்பதே என் குறை. கணக்கெழுதிப் பிழைப்பவனாகவும், மாலை நேரங்களில் மைதானத்து ஓரத்தில் நிற்பவனாகவும் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வெளிநாடு சென்ற இந்திய முன்கள வீரர்களின் கதையை நம் பையன்கள் பாதிதான் அறிந்திருக்கிறார்கள். பாய்ச்சுங் பூட்டியா 1999இல் இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்தார் என்பது தெரியும். மூன்றாம் அடுக்குப் போட்டித் தொடரில் 37 ஆட்டங்களில் அவர் அடித்தவை 3 கோல்கள் என்பதும், 2002இல் அந்தக் கிளப்பே கடனில் மூழ்கி திவால் நிர்வாகியின் கைக்குப் போனது என்பதும் தெரியாது. சுனில் சேத்ரி 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி அணிக்கும், 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் 'பி' அணிக்கும் சென்றார் என்பது தெரியும். ஸ்போர்ட்டிங் 'பி' அணிக்காக அவர் களமிறங்கியது 3 ஆட்டங்களில் மட்டுமே என்பது தெரியாது. நாட்டுக்காக 94 கோல்கள் அடித்த நிலையில் 2024 ஜூனில் விடைபெற்று, அடுத்த ஆண்டே திரும்பி வந்து ஆடியவர் அவர். அவருக்கே அந்த நிலை என்றால், திறமையைத் தாண்டி வேறு சில கதவுகளும் அங்கே இருக்கின்றன என்று பொருள். தடுப்பாட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் சுமாராக ஆடினால் மறுநாள் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. முன்கள வீரனுக்கோ கோல் கணக்குதான் ஜாதகம், அந்த ஜாதகத்தைத் திருத்தி எழுதப் பயிற்சியாளர் அதிக நாள் தருவதுமில்லை.

அந்தக் கதவுகளில் முதலாவது வேலை அனுமதி. 2009இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் சேத்ரியை எடுக்க முன்வந்தும், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் தரவரிசையில் முதல் 70 நாடுகளுக்குள் இந்தியா இல்லாத காரணத்தால் இங்கிலாந்து அனுமதி மறுத்தது. இரண்டாவது வயது. 18 வயது நிறையாத ஒருவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதை ஃபிஃபா விதிகள் தடுக்கின்றன. கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், நம் ஊர்ப் பையன்களில் பெரும்பாலோருக்கு அவை பொருந்தா.

இந்த இரண்டும் தெரியாமையால் என்ன நடக்கிறது என்பதை ஒரு குடும்பம் என்னிடம் கொண்டுவந்த தாளில் பார்த்தேன். பையனுக்குப் பதினாறு வயது. இடக்காலால் நன்றாக அடிப்பான். ஐரோப்பிய நகரம் ஒன்றில் தேர்வு முகாம், தேறினால் ஒப்பந்தம் என்று அச்சிட்டிருந்தது. தலைப்பில் ஒரு கிளப்பின் சின்னம், எங்கிருந்தோ நகலெடுத்ததால் ஓரங்கள் மங்கிப்போயிருந்தன. கிளப்பின் சார்பில் யாரும் கையொப்பமிடவில்லை. சம்பளம் என்ற இடத்தில் கோடு மட்டும் இருந்தது. விசா என்ற இடத்தில் 'சுற்றுலா' என்றிருந்தது. கடைசி வரியில் மட்டும் எழுத்துகள் தடித்திருந்தன: முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது. பையனின் தாயார் நகையை அடகு வைக்கும் முன் கேட்க வந்ததால் பணம் தப்பியது. அந்தத் தாளைக் குழுவில் எத்தனையோ பேர் பார்த்து வாழ்த்தியிருந்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2023 ஜூனில் போர்ச்சுகலில் ஒரு கால்பந்துப் பயிற்சிக்கூடத்தை அந்நாட்டுக் குடிவரவு அதிகாரிகள் சோதனையிட்டபோது, வெளிநாடுகளிலிருந்து இத்தகைய வாக்குறுதியோடு வந்த பல பையன்களை அங்கே கண்டார்கள். பலர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள்.

இப்படி ஆட்டக்காரரைக் கிளப்போடு சேர்த்துவைக்கும் முகவராக இயங்குவதற்கு ஃபிஃபாவின் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை ஃபிஃபாவின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. சிறுவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதலும் வேண்டும். கிளப்புடன் போடும் ஒப்பந்தத்திலோ, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்றாண்டுக்கு மேலும், மற்றவர்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டுக்கு மேலும் கெடு வைக்கக் கூடாது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் அறிவித்த பிறகு, ஆட்டக்காரர் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். இவை எல்லாம் வக்கீலுக்கு மட்டுமே விளங்கும் சங்கதிகள் அல்ல.

நம் மண்ணுக்கு இது புதிதும் அல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன மேலாள் (முதலாளிக்காக அங்குள்ள கடையை நடத்துபவர்), எத்தனை ஆண்டுக் கெடு, எவ்வளவு சம்பளம், அதில் முன்கூட்டி வீட்டாரிடம் கொடுப்பது எவ்வளவு என்பதையெல்லாம் சம்பளச் சீட்டில் எழுதிக்கொண்டுதான் கப்பலேறினார். பெரும்பாலும் மூன்றாண்டுக் கெடு. கடையின் கணக்குகளான சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் ஊருக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பூட்டியாவே பின்னர் மலேசியாவின் பெராக், சிலாங்கூர் பகுதிக் கிளப்புகளுக்கு ஆடினார் என்பதைப் படித்தபோது, நம் பாட்டனார்கள் பற்றுவரவு வைத்த ஊர்கள் அல்லவா என்று தோன்றியது. அங்கெல்லாம் இன்றைக்கும் நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு முகவரி மெய்யா பொய்யா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல அவர்களை விடச் சிறந்தவர் யார்?

இனி, குழுக்களின் பக்கம் வருகிறேன். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலம் முடியும் முன்னரே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலை பேசப்பட்டால், அத்தொகையில் 5 சதவீதம், அவர் 12 வயதாகும் ஆண்டு முதல் 23 வயதாகும் ஆண்டு வரை பயிற்சி பெற்ற கிளப்புகளுக்குப் பிரிந்து போக வேண்டும். 12 முதல் 15 வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்த விலையில் 0.25 சதவீதம், 16 முதல் ஆண்டுக்கு 0.5 சதவீதம். அதாவது, 12 முதல் 15 வயது வரை நான்கு ஆண்டு நம்மிடம் பந்து பழகிய பையன் என்றைக்காவது ஒரு கோடி ரூபாய்க்குக் கைமாறினால், ஒரு லட்சம் ரூபாய் நம் குழுவுக்கு உரியது. 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட ஃபிஃபாவின் தீர்வகம் இந்தப் பணத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறது. ஆனால் யாருக்கு அனுப்பும்? எந்தெந்த ஆண்டில் எங்கே பதிவாகி ஆடினார் என்று காட்டும் ஆட்டக்காரரின் மின்னணுக் கடவுச்சீட்டில் எந்தக் கிளப்பின் பெயர் பதிவாகியிருக்கிறதோ அதற்கு. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் எழுவர் போட்டி நடத்தி, அடுத்த ஊர் ஆளை அன்றைக்கு மட்டும் நம் சட்டையில் இறக்கி, ஆளுயரக் கோப்பையோடு படமெடுத்துக்கொள்ளும் குழுவின் பெயர் அந்தக் கடவுச்சீட்டில் வராது. மாவட்டச் சங்கத்தில் இணைந்து, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முறையில் பையனைப் பருவந்தோறும் பதிந்த குழுவின் பெயர்தான் வரும். இப்படி வரும் பணம் அபூர்வம்தான். அதை நம்பி யாரும் கட்டடம் கட்ட வேண்டாம். ஆயினும் வயதுக்கும் ஆடிய இடத்துக்கும் ஐயமற்ற சான்று கையிலிருப்பது, பணம் வந்தாலும் வராவிட்டாலும், பையனுக்குத்தான் முதலில் பயன்படும்.

ஆகவே, அடுத்த போட்டிக்கு அழைப்பிதழ் அடிக்கும் முன், ஒவ்வொரு குழுவும் 12 வயது முதலான தன் பிள்ளைகளை முறையாகப் பதிவு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்: பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஒப்பந்தமாகி, ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார், அவரும் முன்கள வீராங்கனைதான். கொடையாளர்கள், இவ்வாண்டு பரிசுத் தொகையில் ஒரு பகுதியைக் குறைத்து, பதிவுச் செலவுக்கும் இளம் பிரிவுகளுக்கு உரிய பயிற்சியாளரின் மாதச் சம்பளத்துக்கும் ஒதுக்கலாம். காரைக்குடியிலேயே உடற்கல்வியியல் கல்லூரி இருக்கும்போது ஆளுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டு அழைப்பு எது வந்தாலும், முன்பணம் கட்டும் முன் குழுவின் செயலாளரும் ஒரு வழக்கறிஞரும் அந்தத் தாளை வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்றொரு தீர்மானமும் தேவை.

பதிவுப் படிவங்களை நிரப்பவும், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் முதலெழுத்தில் மாறுபடும் வழக்கமான சிக்கலைத் தீர்க்கவும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரத் தயார். எந்தக் குழு முதலில் அழைக்கிறதோ அந்த ஊருக்கு வருகிறேன். பையன்களின் மூலச் சான்றிதழ்களை மட்டும் மறவாமல் எடுத்து வைக்கவும்.

இங்ஙனம்,
கணக்கர் ஒருவர்,
காரைக்குடி.