கேவண்டிஷை என் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி மார்கரெட் கேவண்டிஷ் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. அதில் நன்றி சொல்ல ஒரு பக்கம்தான் கொடுத்தார்கள், அதுவும் ஆங்கிலத்தில். அம்மாவும் அக்காவும் அதைப் படிக்கப்போவதில்லை. அதனால் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நன்றி நான் நேரில் பார்த்தே இராத ஐலீன் ஓ'நீலுக்கு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2017 டிசம்பரில் காலமானார். தொடக்கத்தில் அவர் எழுதியது பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டைப் பற்றி. மனமும் உடலும் வெவ்வேறு பொருள்கள் என்றால் ஒன்று மற்றதை எப்படி அசைக்கும் என்ற சிக்கல். 1643இலேயே டெகார்ட்டுக்குக் கடிதம் எழுதி இதைக் கேட்டவர் பொஹீமியா இளவரசி எலிசபெத். டெகார்ட்டைக் கரைத்துக் குடித்த ஓ'நீல் பெண் தத்துவவாதிகளைப் பற்றிப் பேசியதால்தான் துறைக்காரர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். அது நியாயமா என்பது வேறு விஷயம்.

1998இல் அவர் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் இருந்துதான் என் ஆய்வு கிளம்பியது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தத்துவம் எழுதிய பெண்களைப் பெயரும் நூலுமாக அடுக்கிக்காட்டுகிறார். அவர்கள் காலத்தில் அவர்களைப் படித்தார்கள், மறுத்தும் எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தத்துவ வரலாறுகளில்தான் அவர்களைத் தேடவேண்டியிருக்கிறது. பெயர் போடாமல் அச்சிட்டது ஒரு காரணம். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஆன் கான்வேயின் நூல் அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1690இல், பெயரில்லாமல்தான் வந்தது. ஆனால் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸுக்கு அது யார் எழுதியது என்று தெரிந்திருந்தது, பாராட்டியும் எழுதினார். ஆக, பெயர் இல்லாதது மட்டும் காரணமில்லை. எது தத்துவம் என்ற வரையறையே பிற்பாடு குறுகியது. சமயம் சார்ந்த கேள்விகள் வெளியே போனபோது அவற்றை எழுதிய பெண்களும் சேர்ந்து போனார்கள்.

அப்புறம், கேவண்டிஷின் 1666ஆம் ஆண்டு நூலை ஓ'நீல் பதிப்பித்து 2001இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. பழைய நூலைப் பதிப்பிக்கும் வேலைக்குப் பல்கலைக்கழகங்களில் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அந்தப் பதிப்பு இல்லாமல் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அவரும் மார்சி லஸ்கானோவும் சேர்ந்து தொகுத்த கட்டுரை நூல் அவர் மறைந்த பிறகு, 2019இல் வந்தது. அதில் என் பிரதி முழுக்கப் பென்சில் கிறுக்கல்.

பழைய ஆங்கில அச்சு நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தவர்களுக்கும் நன்றி. 2015இல் சுமார் 25,000 நூல்கள் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. படிக்க முடியாத எழுத்துக்கு ஊகித்து எதையும் நிரப்பாமல் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஒரு கருத்தரங்கில் பெரியவர் ஒருவர், "அந்தப் பைத்தியக்காரச் சீமாட்டியையா ஆராய்கிறாய்?" என்று சிரித்தார். என் நெறியாளர் பதில் பேசவில்லை. ஓ'நீலின் பதிப்பை எடுத்து அந்தப் பெரியவரின் மேசைமேல் வைத்தார். மேடம், அதற்கு நன்றி. அத்தியாயங்களைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியதற்கும் சேர்த்துத்தான், அன்றைக்குத் திட்டியிருந்தாலும்.

லத்தீன் சொல்லிக்கொடுத்த தோழிக்கும், தவணை தாண்டிய புத்தகங்களுக்கு அபராதம் கேட்காத நூலகருக்கும் நன்றி. அக்கா, கடைசி அத்தியாயம் முடியும்வரை மகளை நீ பார்த்துக்கொண்டாய். அவள் இப்போது உன்னைத்தான் அம்மா என்கிறாள், அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.