அந்த ‘அப்புறம்’

பாலக்கோடு,
தை 5

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்குக் கிருஷ்ணகிரி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனது தப்புதான். நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். இப்போது சொல்ல வந்தது வேறு.

என் பெண் கயல் மாவட்ட கிரிக்கெட் அணிக்குத் தேர்வாகிவிட்டாள்! லெக் ஸ்பின் என்கிற சுழற்பந்து வீசுகிறாள். பிப்ரவரி கடைசியில் சேலத்தில் மேட்ச். மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. செய்தி வந்த ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. “ஒரு வருஷம் விளையாடாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?” என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். மதுரைப் பெண் கமலினியை 16 வயதில் மும்பை இந்தியன்ஸ் 1.60 கோடிக்கு எடுத்தபோது, பேப்பரைத் தெரு முழுக்கக் காட்டிய அதே மனுஷர்! கயல் வாயே திறக்கவில்லை. களி உருண்டையைக் குழம்பில் தொட்டபடியே உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிவிட்டதும் அப்படியே தருமபுரிக்குப் பயிற்சிக்குப் போய்விடுகிறாள். பந்தைத் தேய்த்துத் தேய்த்துச் சீருடையின் வலது தொடைப் பக்கம் ஒரு சிவப்புக் கறை. சோப்பு, எலுமிச்சை எதற்கும் மசியவில்லை. ஒரு நாள் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் மடியில் அறிவியல் புத்தகம். கண் புத்தகத்தில், விரல்கள் தம் பாட்டுக்குப் பந்தைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன. திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பந்தை மட்டும் விடவில்லை.

இரண்டும் சேர்ந்து முடியுமா என்று நானும் பயந்தேன்டி. அப்போதுதான் ஷஃபாலி வர்மா நினைவுக்கு வந்தாள். ரோத்தக் பெண். 15 வயதில் இந்திய அணிக்கு ஆட வந்தவள். 2023இல் அவள் பட்ட பாட்டைக் கேள். ஜனவரி 29, தென்னாப்பிரிக்காவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைக் கேப்டனாக வாங்கினாள். முந்தின நாள்தான் அவளுக்கு 19 முடிந்தது. வீடு திரும்பவில்லை. அங்கேயே பெரியவர்களுக்கான டி20 உலகக் கோப்பை. மார்ச் 5 அன்று மகளிர் பிரீமியர் லீக்கில் 45 பந்தில் 84. இத்தனைக்கும் நடுவில் பன்னிரண்டாம் வகுப்பு! மே மாத ரிசல்ட்டில் 80 சதவீதத்துக்கு மேல். 2025 நவம்பரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 87 ரன்னும் 2 விக்கெட்டும் எடுத்தாளே, நீயும் விடிய விடிய போனில் கத்தினாயே, அதே பெண்தான். கயலிடம் சொன்னேன். “அவங்க எப்போம்மா படிச்சிருப்பாங்க?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் நாலரைக்குத் தானாக எழுந்து கணக்கு நோட்டை எடுத்தாள்.

செல்வி, இதைச் சொன்னால் உனக்கு வலிக்கும். ஆனாலும் சொல்கிறேன். நீ கபடியில் இறங்கினால் அரூர்ப் பிள்ளைகள் கோட்டைத் தாண்டவே பயப்படுவார்கள். “பரீட்சை முடியட்டும், அப்புறம் ஆடலாம்” என்றார் உன் அப்பா. அப்புறம் காலேஜ், அப்புறம் கல்யாணம், அப்புறம் பிள்ளைகள். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எங்கள் வீட்டுக்காரரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார். எனக்குப் பயமே அதுதான்.

கயல் சேலம் போகிறாள். முடிவு செய்துவிட்டேன். நான்கு நாள் பாடத்தை எழுதி வைக்க அவள் தோழி ஒத்துக்கொண்டாள். நானும் கூடப் போய்த் தங்குவேன். மேட்ச் முடிந்த சாயந்திரம் இரண்டு மணி நேரம் புத்தகம். அவளே போட்ட கணக்கு இது.

ஞாயிறு காலைப் பஸ்ஸில் வந்துவிடு. நான் சொன்னால் அவர் விவாதத்துக்கு வருவார். நீ கபடியைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்வார். உன்னைத் தவிர வேறு யார் சொன்னாலும் எடுபடாது. மண்டியில் தக்காளி மலிந்து கிடக்கிறது. பை கொண்டு வா, தொக்குக்கு எடுத்துப் போகலாம்.

உன்,
மல்லிகா