பருவம் தவறி வரும் ஆய்வு நிதி

ஆசிரியருக்கு வணக்கம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். இளநிலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்குப் பல்கலைக்கழகம் நிதி தருகிறது. தருவது நல்ல காரியம்தான். ஆனால் அது வந்து சேரும் நேரம் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறது.

பி.எஸ்சி. மாணவர்களுக்கு ஆறாம் பருவத்தில்தான் புராஜெக்ட். டிசம்பரில் தொடங்கி, மார்ச் கடைசிக்குள் பைண்டிங் செய்து கொடுத்துவிட்டு, ஏப்ரலில் வைவாவுக்கு நிற்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தின் நிதி அறிவிப்போ பொங்கலை ஒட்டித்தான் வருகிறது. துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, செலவு மதிப்பீடு எல்லாம் வைத்து அனுப்பி, தேர்வானோர் பட்டியல் வருவதற்குள் பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் பணம் வந்து என்ன பயன்?

இந்த ஆண்டு என்னிடம் நான்கு மாணவிகள். கடலோரக் கிராமங்களின் கைப்பம்புத் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது அவர்களாகவே எடுத்துக்கொண்ட வேலை. அவர்கள் வீட்டில் புழங்குகிற தண்ணீர் அது. தண்ணீரின் உப்பைக் காட்டும் குளோரைடை அளக்கச் சில்வர் நைட்ரேட் வேண்டும். மாதிரி நீரில் பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, செங்கல் நிறம் கலையாமல் நிற்கும் இடத்தில் குழாயை மூட வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று தடவை. தண்ணீர் எவ்வளவு உப்போ, அவ்வளவு செலவு. சில்வர் நைட்ரேட் வெள்ளியிலிருந்து செய்வது; வெள்ளி விலை ஏறினால் அதன் 25 கிராம் பாட்டிலின் விலையும் ஏறும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1,000 வரை. தன் தெருப் பம்பின் கணக்கைப் போட்டு முடித்த ஒரு மாணவி, "மிஸ், இதைக் கிராம சபையில சொல்லலாமா?" என்று கேட்டாள். இளநிலையில் ஆய்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை. அந்தப் பாட்டிலுக்கான பணம் அவள் அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் எடுத்த கடனில் இருந்து வந்தது.

வீட்டில் அப்படிப் புரட்ட முடியாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பது ஊரறிந்தது. டவுனில் புராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. தலைப்பைச் சொன்னால் அட்டவணை, வரைபடம், முடிவுரை வரைக்கும் அச்சடித்துத் தருவார்கள். மாணவர்களைத் திட்டி இதை நிறுத்த முடியாது. சொந்தமாகச் செய்யப் பணம் இல்லை, நாளும் நெருங்குகிறது என்ற நிலையில்தான் பலர் அந்தப் படியேறுகிறார்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இறுதியாண்டு மாணவர்களின் திட்டங்களுக்குப் பல ஆண்டுகளாக நிதி உதவி செய்து வருகிறது. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையில் கோடைகால ஆய்வுக்கென்றே ஆண்டுக்கு 20,000 ரூபாய் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு. மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு வாய்ப்பையும் என் மாணவர்களுக்கு விடாமல் சொல்கிறேன். ஆனால் அதற்கு ஊரை விட்டு வேறொரு நிறுவனத்தில் போய்த் தங்க வேண்டும். தன் ஊர்த் தண்ணீரைத் தன் கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்கப் பல்கலைக்கழக நிதிதான் கைகொடுக்க வேண்டும்.

கணக்குக் காட்டுவதிலும் ஒரு சிக்கல். எல்லாச் செலவுக்கும் ஜி.எஸ்.டி. பில் கேட்கிறார்கள். மாதிரி எடுக்கப் பிளாஸ்டிக் கேன் வாங்கிய சின்னக் கடையில் அதற்கு எங்கே போவது? ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குக் கீழே விற்கிற கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்லவில்லையே. ஐந்நூறு ரூபாய் வரையிலான செலவுக்கு வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்துப் போதும் என்று வைக்கலாம்.

நிதி அறிவிப்பை ஐந்தாம் பருவம் தொடங்கும்போதே, ஜூலையில் வெளியிடுங்கள். ஆகஸ்டுக்குள் முடிவைச் சொல்லிப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். டெல்டாவில் நிலத்தடி நீரைப் பற்றி எதையாவது உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு தடவையும், மழை ஓய்ந்தபின் ஒரு தடவையும் மாதிரி எடுத்தாக வேண்டும். பொங்கலுக்கு வரும் அறிவிப்பால் முதல் மாதிரியை எடுக்கவே முடியாது. தேதியை மாற்றக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட வேண்டாம். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுமாறு துணைவேந்தர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
நாகப்பட்டினம் மாவட்டம்.