தந்தியை அடக்கி வாசி

அன்புள்ள மதிக்கு,

ஒத்திகைப் பதிவு வந்தது. ஜிம்பாப்வே பாடகர் தாமஸ் மப்ஃபூமோவின் சிமுரெங்கா (விடுதலைப் போராட்ட) பாடல்களைக் கல்லூரி விழாவுக்கு எடுத்துக்கொண்டது நல்ல துணிச்சல். பாடுகிற பெண் அந்நாட்டு ஷோனா மொழி உச்சரிப்புக்கு மெனக்கெட்டிருக்கிறாள். உன் கிட்டார்தான் இடிக்கிறது. ஸ்வரம் தப்பவில்லை, ஒவ்வொன்றையும் நீள விடுகிறாய். அதில் பாட்டின் அரசியலே கரைந்துபோகிறது.

நீ வாசிப்பது கிட்டாருக்குப் பிறந்த இசை இல்லை, எம்பிரா என்ற ஷோனா வாத்தியத்துடையது. மரப்பலகையில் 22 முதல் 28 வரை இரும்புப் பட்டைகள். இரண்டு கட்டைவிரல்களும் வலது ஆள்காட்டி விரலும் மீட்டும். முன்னோர் ஆவியை அழைக்க விடிய விடிய வாசிப்பார்கள். மிஷனரிகளுக்கு அதனாலேயே ஆகாது. வெள்ளையர்களை எதிர்த்த 1896-97 கிளர்ச்சிக்குப் பின், நெஹாண்டா என்ற முன்னோரின் ஆவி இறங்குவதாக ஜனங்கள் நம்பிய பெண்ணை வெள்ளை ஆட்சி 1898-இல் தூக்கிலிட்டது. அப்படி ஆவிகளை அழைக்கும் எம்பிராவின் சுழற்சி 1970களில், வெள்ளை ஆட்சியை எதிர்த்துக் கெரில்லாப் போர் நடக்கும் ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே), மின் கிட்டாரில் ஒலித்தால் வரி காதில் விழுமுன்பே விஷயம் புரிந்துவிடும். மப்ஃபூமோவும் முதலில் எல்விஸ் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தவர்தான். மங்குரா செப்புச் சுரங்க ஊரில், ஜோஷுவா டூபே என்ற கிட்டார் கலைஞரோடு சேர்ந்தபோதுதான் இந்தப் பாதை திறந்தது. பிறகு ஜோனா சிதோலே அதை மெருகேற்றினார்.

இனி கைவேலை. வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜுக்கு (தந்திகள் கிட்டார் உடலில் தாங்கி நிற்கும் கட்டைக்கு) சற்று முன்னால், தந்திமேல் லேசாக வை. ரொம்ப முன்னே போனால் ஸ்வரம் செத்து வெறும் தட்டலாகும். பிரிட்ஜிலேயே வைத்தால் அடங்காது. 'டொக்' என்று பிறந்து உடனே அடங்க வேண்டும், ஆனால் சுருதி தெரிய வேண்டும். ரிவெர்ப் (எதிரொலி), டிஸ்டார்ஷன் (கரகரப்பு) இரண்டும் வேண்டாம். கார்ட் அடிக்காதே, ஒற்றை ஒற்றை ஸ்வரமாகவே போ.

தாளம் உனக்குப் பழக்கமான திஸ்ர நடைதான்: 12 மாத்திரை கொண்ட வாக்கியம் நான்கு, மொத்தம் 48, திரும்பத் திரும்ப. எம்பிராவில் ஒருவர் முன்பகுதி வாசிக்க, மற்றவர் இடைவெளிகளில் கோப்பார். பல பாடல்களில் அதே பகுதியை ஒரு மாத்திரை தள்ளி வாசிப்பதே இரண்டாம் பகுதி. உன் குழுவில் இரண்டு கிட்டாரும் ஒன்றையே வாசிக்கின்றன. கனம் கூடுகிறதே தவிரப் பின்னல் இல்லை. டிரம்ஸ் தம்பிக்கும் சொல்: ஹோஷோ என்ற சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பையின் வேலையை ஹைஹாட் (டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டு) செய்கிறது, அது ஒரு சுற்றுக்கூட நிற்கக் கூடாது. இரண்டாம், நான்காம் தட்டில் ஸ்நேர் டிரம்மை ஓங்கி அடித்தால் ராக் ஆகிவிடும்.

வரிகளை மேடையில் விளக்கப்போவதாகச் சொன்னாய். கொஞ்சமாகச் சொல். மப்ஃபூமோ கருத்தைப் பழமொழிக்குள்ளும் பழம்பாட்டின் சாயலுக்குள்ளும் ஒளித்துப் பாடியதால்தான் தணிக்கை அதிகாரியைத் தாண்டிப் போனது. விழித்துக்கொண்ட அரசு வானொலி தடுத்தபோது, மொசாம்பிக்கிலிருந்து போராளிகளின் வானொலி ஒலிபரப்பியது. மப்ஃபூமோவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே விட்டபோது, வெள்ளை ஆட்சியோடு சமரசம் செய்துகொண்ட பிஷப் முசோரேவாவின் பேரணியில் பாடவைத்தார்கள். அங்கும் அதே பாட்டுகளைத்தான் பாடினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பாட்டுப் பட்டியலை 1980 சுதந்திரத்தோடு முடித்திருக்கிறாய், அது அரைக் கதை. 1989-இல் 'கரப்ஷன்' பாட்டில், சுதந்திரத்துக்குப் பின் வந்த முகாபே ஆட்சியின் ஊழலைத்தான் பாடினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமைச்சர்கள் கார்களை வாங்கி லாபத்துக்கு விற்ற வில்லோகேட் விவகாரம் வெடித்திருந்தது. பின்னாளில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். முகாபே பதவி போன பிறகு, 2018-இல்தான் ஹராரே மேடையில் மறுபடி பாடினார். 'கரப்ஷன்' பாட்டைச் சேர். நேரம் போதாவிட்டால் சுதந்திரக் கொண்டாட்டப் பாட்டை எடுத்துவிடு.

அடுத்த பதிவில் உன் கிட்டாரையும் ஹைஹாட்டையும் மட்டும் தனியாக ஐந்து நிமிடம் வாசித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா