பேர் ஓடும் மூன்று நிமிடத்தை விட்டுவையுங்கள்

பழைய தமிழ்ப் படங்களைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்புகிறவர்களுக்கும், இணையத்தில் ஏற்றுகிறவர்களுக்கும், அவற்றின் உரிமையை வாங்கி வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவுக்கு ‘புதிய பறவை’ போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பண்ருட்டிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டாயில், மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்து சின்ன வயதில் பார்த்த படம். “பேர் போட ஆரம்பிச்சா கூப்பிடு” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார். நான் கூப்பிடவே இல்லை. ஏதோ ஒரு சின்னம் திரையில் சுழன்று நின்றது, அடுத்த நொடி படம் நடந்துகொண்டிருந்தது. பேர் ஓடும் டைட்டிலை வெட்டியிருந்தீர்கள்.

அம்மா வந்து பார்த்துவிட்டு, “என்னடா, பாதியிலேர்ந்து போட்டிருக்க?” என்றார். ஆரம்பத்திலிருந்துதான் என்று சொன்னேன். நம்பவில்லை.

கொட்டாயில் அவருடைய மாமா டைட்டிலை உரக்கப் படிப்பாராம். சிவாஜி பேர் வந்ததும் விசிலில் ஒன்றும் காதில் விழாது. விசில் அடங்கியதும் மாமா விட்ட இடத்திலிருந்து பிடித்து, டைரக்டர் பேர் வரைக்கும் படித்துவிட்டுத்தான் வாயை மூடுவார். இடைவேளையில் வாங்கும் பாட்டுப் புத்தகத்திலும் அதே பேர்கள் இருக்கும். கதைச் சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த வெள்ளைத் துணிக்கும் அவ்வளவு உண்டு.

சரி, மூன்று நிமிடம்தானே, போனால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். அதில் யார் யார் போகிறார்கள் என்று இந்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

முகம் தெரிந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சிவாஜி, சரோஜாதேவி, சௌகார் ஜானகி, வி.கே.ராமசாமி, நாகேஷ், மனோரமா, எல்லோரையும் சின்னப் பிள்ளைகூட அடையாளம் சொல்லும். எம்.ஆர்.ராதாவுக்கு முகம்கூட வேண்டாம், குரலே போதும். (சிவாஜி பிறந்தது 1928-ல் விழுப்புரத்தில். அன்றைக்கு அது தென்னார்க்காடு மாவட்டம், அதன் தலைநகர் எங்கள் கடலூர். இதைச் சொல்லாமல் இந்த ஊரிலிருந்து ஒருவன் சிவாஜி படத்தைப் பற்றிக் கடிதம் எழுத முடியாது, மன்னிக்கவும்.)

டைட்டிலை வெட்டினால் முதலில் காணாமல் போகிறவர் டி.கே.ராமமூர்த்தி. படத்துக்கு இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. படம் வந்தது 1964 செப்டம்பரில். அடுத்த வருடமே இருவரும் பிரிந்துவிட்டார்கள். அப்புறம் சேர்ந்து இசையமைத்தது 30 வருடம் கழித்து, 1995-ல், ‘எங்கிருந்தோ வந்தா’னுக்குத்தான். இடையில் எம்.எஸ்.விஸ்வநாதன், அதாவது எம்.எஸ்.வி., தனியாக நூற்றுக்கணக்கான படம் செய்தார், அவர் பேர் நிலைத்துவிட்டது. அதனால் இன்றைக்கு இந்தப் படத்தின் ‘எங்கே நிம்மதி’ பாட்டைப் பற்றிப் பேச வருகிறவர்கள் “எம்.எஸ்.வி. மியூசிக்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பொய் இல்லை, பாதி. மீதிப் பாதி நீங்கள் வெட்டிய துண்டில் இருக்கிறது.

அடுத்து ஆரூர்தாஸ். ‘பாசமலர்’ வசனம் எழுதியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும், அது அழவைக்கிற எழுத்து. இங்கே அவர் செய்தது வேறு வேலை. காதலாகக் காதில் விழுகிற பேச்சு, முடிவு தெரிந்தபின் இரண்டாம் தடவை கேட்கும்போது வேறொன்றாகக் கேட்க வேண்டும். லதாவும் (சரோஜாதேவி) அவள் அப்பாவும் ஊட்டி பங்களாவில் கோபாலிடம் (சிவாஜி) கேட்கிற சாதாரணக் கேள்விகளைக் கவனித்துப் பாருங்கள். முதல் தடவை அது கரிசனம். இரண்டாம் தடவை என்ன என்பதை நான் சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். உங்களில் சிலர் கிளைமாக்ஸ் காட்சியையே முகப்புப் படமாக ஒட்டி வைக்கிறீர்களே, அது தனி வழக்கு. முடிவைச் சொல்லாமல் விடுவது பாட்டுப் புத்தகம் போட்டவருக்கு இருந்த நாகரிகம்.

பாட்டிலும் இதே வித்தைதான். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ படத்தில் இரண்டு தடவை வரும். இரண்டுக்கும் எழுத்து கண்ணதாசன், குரல் பி.சுசீலா. முதல் தடவை கோபால் சிகரெட் புகைக்கு நடுவில் மயங்கி உட்கார்ந்து கேட்பான். அடுத்த தடவை அதே கேள்வி அவன் கழுத்தைப் பிடிக்கும். காதல் படம் திகில் படமாக மாறுவதை ஒரு பல்லவியிலேயே காட்டிவிட்டார்கள். ஊட்டி வீட்டின் அழகையும் அச்சத்தையும் வண்ணத்தில் பிடித்தவர் கே.எஸ்.பிரசாத். அவர் பேரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இயக்குநர் பேர் தாதா மிராசி. அதற்கு முந்தின வருடம் ‘இரத்தத் திலகம்’ எடுத்தவர். ஆனால் ‘புதிய பறவை யாருடைய படம்?’ என்று கேட்டால் ‘சிவாஜி படம்’ என்றுதான் பதில் வரும். தயாரித்ததும் சிவாஜி பிலிம்ஸ் என்பதால் அதில் ஒரு நியாயம் உண்டுதான். கதையோ இன்னும் தூரத்திலிருந்து வந்தது. 1958-ல் ஆங்கிலத்தில் ஒரு படம். அதில் இறந்துபோன அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் வருவான். 1963-ல் வங்காளத்தில் ‘சேஷ் அங்கோ’ என்று எடுத்தபோது அண்ணன் போய் மனைவி வந்தாள். கதைக்குள் காதல் நுழைந்தது அங்கேதான். அங்கே உத்தம் குமார் செய்ததை இங்கே சிவாஜி செய்தார்.

எங்களுக்குப் பக்கத்து ஊர் புதுச்சேரி. அங்கே கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இருக்கிறது. மேடையில் ஆடியவர்களுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தவர். 1922-ல் மறைந்தவரின் பேரில் புதுச்சேரி அரசு இன்றும் சினிமாவுக்கு விருது தருகிறது. எழுதியவன் பேரை ஞாபகம் வைத்துக்கொள்வது அப்படி ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை.

2025 ஜூலை 14 அன்று சரோஜாதேவி மறைந்தார். எம்.எஸ்.வி. மறைந்ததும் இதே ஜூலை 14-தான், 2015-ல். சரோஜாதேவி மறைந்த அன்று ராத்திரி அம்மா இதே படத்தின் ‘உன்னை ஒன்று கேட்பேன்’ பாட்டைக் கேட்டார். தேடியதில் கிடைத்த வீடியோவில் சரோஜாதேவி பேர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. பாடியவர் பேரும் இல்லை, எழுதியவர் பேரும் இல்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற வேலை இல்லை. டைட்டில் இருந்தால் முழுதாக ஓடவிடுங்கள், விளம்பரத்தை அதற்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். பிரதி சிதைந்து அந்தப் பகுதி போயிருந்தால், கறுப்புப் பின்னணியில் பேர்களைத் தமிழில் அடித்து முன்னால் ஒட்டுங்கள். பாட்டைத் தனியாக வெட்டிப் போட்டால் எழுதியவர், இசையமைத்தவர்கள், பாடியவர் பேரைக் கீழே போடுங்கள். இசையமைத்தவர்கள் இருவர் என்றால் இருவரையும் போடுங்கள். இணையத்தில் ‘அறிமுகத்தைத் தாண்டு’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்களே, அதுகூட இருக்கட்டும். தாண்டுவதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

வரும் பொங்கலுக்கு அம்மா இந்தப் படத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார். அடுப்பங்கரையிலிருந்து அவரைக் கூப்பிட எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பட ரசிகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.