ஆய்வகச் சாவியைக் கொஞ்சம் கொடுங்கள்

நெல்லை மாவட்ட அரசுப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலர் எனக்கு மூத்தவர்கள். சிலரிடம் நான் படித்தும் இருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியன். முன்பு வேலை பார்த்த பள்ளியில் உயர் தொழில்நுட்பக் கணினி ஆய்வகத்தின் சாவி தலைமை ஆசிரியரின் மேசை இழுப்பறையில் கிடக்கும். இணையவழித் தேர்வு வந்தால் ஆய்வகம் திறக்கும். அலுவலர் பார்வையிட வந்தால் திறக்கும். பாடம் நடத்தக் கேட்டால், "எதையாவது உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது?" என்பார். அவர் கவலையிலும் நியாயம் உண்டு. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே.

ஆனாலும் அந்தப் பூட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும்.

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல். முதலில் இரண்டு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, கொஞ்சம் வயர். தன் கையால் பல்பை எரியவைக்காத பிள்ளைக்குக் கணினித் திரை எதையும் கற்றுத்தராது என்பது என் கட்சி. அதற்குப் பிறகுதான் ஃபெட் (PhET) என்ற, கணினியில் அறிவியல் சோதனை செய்து பார்க்கும் செயலிகளின் தொகுப்பு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இலவசம். பென் டிரைவில் கொண்டுவந்து இணையம் இல்லாமலே ஓட்டலாம். பல செயலிகள் தமிழிலும் கிடைக்கின்றன. மின்சுற்று கட்டும் செயலியில் பேட்டரியின் இரு முனைகளையும் வயரால் நேராக இணைத்தால் திரையில் தீப்பற்றும். மற்ற நாட்களில் "தொடாதே, தொடாதே" என்று கத்துகிற நான் அப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். முதல் பத்து நிமிடம் வகுப்பே தீ வைக்கிறது. பிறகு எவனாவது ஒருவன் நடுவில் மின்தடையைச் செருகித் தீயை அணைக்கிறான். ஓம் விதியைக் கரும்பலகையில் எழுத அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

வானத்துக்கு ஸ்டெல்லேரியம், எந்த ஊரின் எந்த நாள் வானத்தையும் திரையில் காட்டும் மென்பொருள். இடம் கன்னியாகுமரி, நாள் 2010 ஜனவரி 15, பிற்பகல் ஒரு மணிக்கு மேல் என்று கொடுத்தால், தாங்கள் பிறப்பதற்கு முன் நம் தெற்கில் தெரிந்த கங்கண சூரிய கிரகணத்தைப் பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள். கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு ஆண்டுக்கொரு முறை அழைத்துப் போகிறோமே, அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் வகுப்பறைக்கே வந்துவிடுகிறது. பலகையில் காணொளியை ஓட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதைத் தொழில்நுட்பப் பாடம் என்று தயவுசெய்து கணக்கில் எழுதாதீர்கள். அது பேசும் கரும்பலகை, அவ்வளவுதான்.

என் எட்டாம் வகுப்புக்கு உயிர் லுவாண்டி. மைன்டெஸ்ட் என்று இருந்ததை 2024-இல் பெயர் மாற்றினார்கள். கட்டங்களை அடுக்கி உலகம் கட்டும் கட்டற்ற மென்பொருள். ஆய்வகக் கணினிகளைத் தங்களுக்குள் இணைத்துவிட்டால் போதும், எல்லோரும் ஒரே உலகத்துக்குள் நிற்கலாம். அதில் தாமிரபரணியைக் கட்டச் சொன்னேன், பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை. எட்டு அணைக்கட்டுகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கோடைமேலழகியான் குழுவுக்கும் நதியுண்ணி குழுவுக்கும் முதல் நாளே தண்ணீர்த் தகராறு. கன்னடியன் கால்வாய் எந்தக் கரையில் பிரிகிறது என்று அடித்துக்கொண்டவர்கள், மறுநாள் சேரன்மகாதேவிப் பையன் ஒருவனைச் சாட்சிக்கு இழுத்து வந்தார்கள்.

"சார், இந்த ஆற்றில் எவ்வளவு அள்ளினாலும் குறையவே இல்லையே" என்றாள் ஒருத்தி. உண்மைதான். அந்த உலகத்தில் நீர் தானே ஊறி நிறைந்துகொள்ளும். சமதளத்தில் சில கட்டங்கள் ஓடி நின்றும் விடும். தப்பான ஆறு. அந்தத் தப்பைப் பேசியே இரண்டு பாடவேளை போனது: நமக்கு எந்தப் பருவமழை எவ்வளவு தருகிறது, கார் பருவ நெல்லுக்கு அணையை எப்போது திறப்பார்கள், பிசானப் பருவ நெல்லுக்கு எப்போது, அடியில் மணல் இல்லாமல் போனால் என்ன ஆகும். பாடநூலில் இதற்கு இவ்வளவு இடம் இல்லை.

ஆற்றங்கரைத் தெரு ஒன்றைக் கட்டியபோது ஒரு மாணவி தன் வீட்டை மட்டும் தூண்களின் மேல் உயர்த்தி, ஏறப் படிக்கட்டும் வைத்தாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீடு என்ன ஆனது என்பது எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை.

மெய்நிகர் (VR) கண்ணாடி விற்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணாடி என்றால் வரிசையில் நிற்கும்போதே மணி அடித்துவிடும். போட்டவர்களில் சிலருக்குத் தலைசுற்றலும் மிச்சம்.

நான் கேட்பது வாரம் ஒரு பாடவேளை. வாய்வார்த்தையாக வேண்டாம், கால அட்டவணையில் எழுதி, அந்தந்தப் பாட ஆசிரியர் கையில் சாவியைக் கொடுத்து. தேர்வும் பதிவேற்றமும் மற்ற நேரங்களில் நடக்கட்டும்.

உடைந்தால்? மூன்று ஆண்டுகளில் என் பொறுப்பில் ஒரு மவுசும் இரண்டு ஹெட்போன்களும் போயிருக்கின்றன. எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் வியாழக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு வாருங்கள். மருதூர் அணைக்கட்டு முடிந்துவிட்டது, ஸ்ரீவைகுண்டம் இன்னும் பாதியில் நிற்கிறது.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்