அந்த இரண்டு நீர்மூழ்கிகளும் எப்போது வரும்? பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாதுகாப்பு அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். நம் நாட்டிலேயே கட்ட 2024-ல் ஒப்புதல் கிடைத்த இரண்டு அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிகளைப் பற்றிக் கேட்கவே இந்த மடல். 2019 மார்ச்சில் ரஷ்யாவுடன் கையெழுத்தான குத்தகை அணு நீர்மூழ்கி 2028-ல்தான் வரும் என்று 2025 டிசம்பரில் நீங்களே விளக்கம் தந்தீர்கள். தந்ததற்கு நன்றி. ஆனால் அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

பணம் போகட்டும். ஆட்களை நினைத்துப் பாருங்கள். சோவியத் யூனியனிடம் குத்தகைக்கு எடுத்த அணு நீர்மூழ்கியான முதல் சக்ரா 1988-ல் வந்தது, 1991-ல் திரும்பிப் போனது. அடுத்த சக்ரா வர 2012 ஆகிவிட்டது. முன்னதில் இளைஞராக ஏறியவர், பின்னது வந்தபோது ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருப்பார். அவர் கற்றதை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்? அந்த இரண்டாவது சக்ராவும் 2021-ல் போய்விட்டது. இன்று நம் கடற்படையில் அணுசக்தியில் ஓடும் தாக்குதல் நீர்மூழ்கி ஒன்றுகூட இல்லை. மறுபடியும் ஒரு தலைமுறையின் கைப்பழக்கம் வீணாகிறது.

நாமே கட்டிய அணு நீர்மூழ்கி அரிஹந்த் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பெருமைதான். கல்பாக்கத்தில் முன்மாதிரி அணு உலையை ஓட்டிப் பார்த்துச் செய்த படகு அது. ஆனால் அதன் வேலை ஏவுகணைகளோடு யார் கண்ணிலும் படாமல் இருப்பது. எதிரிப் படகின் பின்னாலேயே நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு போவது, விமானந்தாங்கிக் கப்பலுக்கு முன்னால் ஓடிக் கடலைத் துழாவுவது எல்லாம் வேறு வித்தை. உலையை இயக்க அரிஹந்தில் பழகலாம். வேட்டையாடப் பழக முடியாது.

டீசல் படகுகளுக்கும் அது முடியாத காரியம். வேகமாக ஓடினால் ஓரிரு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். அப்புறம் மேலே வந்து காற்றுக்குழாயை நீட்டி, டீசல் இஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்தச் சத்தமே எதிரிக்குப் போதும். விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் மணிக்கு 25 கடல் மைலுக்கு மேல் ஓடும்போது இவை எப்படிக் கூடப் போகும்? அணு உலைக்குக் காற்று வேண்டாம். குடிநீரையும் ஆக்சிஜனையும் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு தீரும்வரை அடியிலேயே இருக்கலாம். குளிரூட்டும் பம்புகளின் இரைச்சல் ஒரு குறைதான். அதை அடக்குவது வடிவமைப்பில் மிகக் கடினமான பகுதி என்பதும் தெரியும். அதனால்தான் தாமதம் என்றால் அதையே சொல்லுங்கள், புரிந்துகொள்வோம்.

2015-ல் இத்தகைய அணுசக்தித் தாக்குதல் படகுகள் ஆறு கட்டுவோம் என்றார்கள். 2024 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது இரண்டுக்கு, அதுவும் சுமார் 40,000 கோடி ரூபாய் என்று செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். எது கேட்டாலும் ரகசியம். ஆண்டுக்கு இரண்டு வர்ஜீனியா ரக அணுசக்தித் தாக்குதல் படகுகள் கட்டுவது இலக்கு, சுமார் 1.2 தான் முடிகிறது என்று அமெரிக்கக் கடற்படை தன் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்கிறது. அதனால் அவர்களுடைய சோனார் (ஒலியால் கடலடியில் தேடும் கருவி) ரகசியம் எதுவும் வெளியே போய்விடவில்லை. நம் நாட்டில் மட்டும் தாமதத்தைக்கூட ஏன் பூட்டி வைக்க வேண்டும்? வரி கட்டுகிறவர்களை விடுங்கள், அந்தப் படகில் ஏறப்போகும் பிள்ளைகளுக்காவது தெரிய வேண்டாமா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உலையின் திறனையோ டார்பிடோக்களின் எண்ணிக்கையையோ கேட்கவில்லை. முதல் படகின் கட்டுமானம் எந்த ஆண்டு தொடங்கும், எந்த ஆண்டு கடலில் இறங்கும், அதுவரை சக்ராவில் பழகிய அதிகாரிகளையும் மாலுமிகளையும் எங்கே வைத்துப் பயிற்சியைக் காப்பாற்றுவீர்கள் என்ற மூன்றுக்கும் அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் எழுத்தில் பதில் வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்